கோதுமைக்கு மூன்று வாரம் வேண்டும்

2022 பிப்ரவரியில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீடு, அந்தப் பருவத்தில் கோதுமை 11 கோடியே 13 லட்சம் டன் விளையும் என்றது. அன்றைய தேதிக்கு அது சாதனை. வயலும் அதற்குத் தோதாகவே நின்றது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் பயிர் செழித்து, கதிர் வெளிவந்து, பால் பிடிக்கும் பருவத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் உலகச் சந்தையில் கோதுமை விலை தாறுமாறாக ஏறியது. உலகத்துக்கே நம்மால் உணவளிக்க முடியும் என்று டெல்லியில் பேசத் தொடங்கினார்கள்.

இடையில் மார்ச் வந்தது. 1901 முதல் இந்திய வானிலைத் துறை வைத்திருக்கும் கணக்கில் அதைப் போல் பகல் சூடு கொண்ட மார்ச் கிடையாது. நாடு முழுவதற்குமான சராசரிப் பகல் வெப்பம் 33.1 டிகிரி செல்சியஸ். கோதுமைக்கு அந்த மாதம் மட்டும் இதமாக இருந்தால் போதும்; அதுவே அனலாகிவிட்டது. மே 13-ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. முந்தைய ஆண்டு 433 லட்சம் டன் வாங்கிய அரசு, அந்த ஆண்டு 188 லட்சம் டன்தான் வாங்க முடிந்தது. இதற்கு வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வெளிச்சந்தையில் கூடுதல் விலை கிடைத்ததால் பலர் வியாபாரிகளுக்கு விற்றார்கள். ஆனால் கையிருப்பு குறைந்தது உண்மை. பிகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் கேரளத்துக்கும் இலவச ரேஷன் திட்டத்தில் கொடுத்துவந்த கோதுமையை நிறுத்தி, அதற்குப் பதிலாக அரிசி கொடுத்தார்கள்.

வெயில் என்ன செய்தது என்பதை மண்டிக்கு வந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நல்ல கோதுமை மணி வயிறு உப்பி, தோல் இறுகி, கையில் கனமாக இருக்கும். அந்த ஆண்டு வந்த மணிகளில் பல ஒட்டிப்போய், தோல் சுருங்கி, நடுவில் பள்ளம் ஆழமாக விழுந்து கிடந்தன. சுருங்கிய மணியும் உடைந்த மணியும் சேர்ந்து 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அரசு கொள்முதல் செய்யாது என்பது விதி. பஞ்சாப், ஹரியானா விவசாயிகளுக்காக அந்த வரம்பை 18 சதவீதமாக உயர்த்த வேண்டியிருந்தது. ஒரு பயிரின் கடைசி நாற்பது நாள் எப்படிப் போனது என்பதற்கு இந்த 18 என்ற எண்ணைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த ஆண்டும் நிம்மதியில்லை. 2023 பிப்ரவரி, பகல் வெப்பத்தில் 1901-க்குப் பிந்தைய எல்லா பிப்ரவரிகளையும் மிஞ்சியது. வெயிலின் பாதிப்பைக் கண்காணிக்க மத்திய அரசு தனிக் குழு அமைத்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பருவம் தவறிய மழை பெய்து வெயிலைத் தணித்தது. ஆனால் காற்றோடு வந்த அந்த மழை பல இடங்களில் பயிரைச் சாய்த்தும்விட்டது.

மணிக்குள் நடப்பது

கோதுமைப் பூ கருவுற்றதிலிருந்து மணி முற்றும்வரை சுமார் நாற்பது, நாற்பத்தைந்து நாள். முதல் பத்துப் பதினைந்து நாளில் மணிக்குள் மாவைச் சேமிக்கும் செல்கள் பெருகும். எத்தனை செல் உருவாகிறதோ அவ்வளவுதான் அந்த மணியின் கொள்ளளவு. அதன்பின் சர்க்கரை மாவாக மாறி அந்தச் செல்களை நிரப்பும். சர்க்கரை பெரும்பாலும் கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலையில் தயாராகிறது. நம் ஊர் நெல் விவசாயிகள் கண்ணாடி இலை என்று சொல்வார்களே, அதுதான். தண்டில் சேர்த்துவைத்த சர்க்கரையும் கொஞ்சம் மேலே ஏறிவரும்.

20 முதல் 25 டிகிரி வரை இந்த வேலை நிதானமாக நடக்கும். அதற்குமேல் சூடு ஏற ஏற, சர்க்கரையை மாவாக்கும் நொதியின் வேகம் குறைகிறது. செடியோ சூட்டில் அவசரப்படுகிறது. முற்ற வேண்டிய நாளுக்கு முன்பே முற்றிவிடுகிறது. இரவும் சூடாக இருந்தால், பகலில் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி சுவாசத்திலேயே எரித்துத் தீர்க்கிறது. 34 டிகிரியைத் தாண்டும் நாட்கள் கூடினால் இலைகள் சீக்கிரமே பழுத்து ஓய்ந்துவிடுகின்றன. வட இந்தியக் கோதுமை வயல்களைச் செயற்கைக்கோள் படங்களில் ஒன்பது ஆண்டுக் கணக்காகத் தொடர்ந்து பார்த்த டேவிட் லோபெல் குழு 2012-இல் இதை ஆதாரத்தோடு காட்டியது. உலகச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்று 2015-இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வு கணக்கிட்டது.

இந்த எச்சரிக்கை வெளிநாட்டிலிருந்துதான் வந்தது என்று நினைக்க வேண்டாம். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் அவரோடு பணியாற்றிய தாவரவியல் அறிஞர் எஸ்.கே. சின்ஹாவும் 1991-இலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள்: குளிர்கால வெப்பம் அரை டிகிரி கூடினால் எக்டேருக்கு நாலரை குவிண்டால் கோதுமை குறையும். பசுமைப் புரட்சியின் முன்னணியில் நின்றவரே அந்தப் புரட்சியின் பயிர் எங்கே அடிபடும் என்று சொல்லிவைத்தார். முப்பது ஆண்டு கழித்துத்தான் மண்டிகளில் அது கண்ணுக்குத் தெரிந்தது.

வெயிலிலிருந்து பயிரைக் காக்க இரண்டு வழி. ஒன்று, வெயிலைத் தாங்கும் ரகம். மற்றொன்று, வெயில் வருவதற்குள் வேலையை முடித்துக்கொள்ளும் ரகம். மார்ச் நடுவிலேயே மணி முற்றத் தொடங்கிவிட்ட பயிரை மார்ச் கடைசி வெயில் ஒன்றும் செய்யாது. அறுவடைக்கு முன் காய்வதற்கு உதவியாகக்கூட இருக்கும். அப்படியென்றால் நவம்பரில் விதைப்பதை அக்டோபர் 20-க்கு முன்னே தள்ளினால் போதாதா? கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது எளிதாக இருந்திருந்தால் பஞ்சாப் விவசாயி யாரும் சொல்லாமலே செய்திருப்பார்.

அக்டோபரை விட்டு வந்த கதை

ஒரு காலத்தில் வட இந்தியா அக்டோபரில்தான் கோதுமை விதைத்தது. பழைய நெட்டை ரகங்களின் பட்டம் அது. பருவமழை விட்டுச்சென்ற ஈரம் மண்ணின் ஆழத்தில் இருக்கும். மாட்டு ஏருக்குப் பின்னால் கட்டிய குழாய் வழியாக விதையை அந்த ஈரத்தில் ஆழமாகப் போடுவார்கள். நெட்டை ரகங்களுக்கு முளைக்குருத்தை மூடியிருக்கும் உறை நீளம். அந்த உறை மண்ணைத் துளைத்து மேலே வந்துவிடும். தண்ணீர் பாய்ச்சாமலே விளைந்த பயிர் அது. விளைச்சல் குறைவு என்றாலும் நம்பகமானது. அந்த வரிசையில் வந்த சி-306 ரகத்தின் ரொட்டி ருசியை வடக்கே இன்றைக்கும் புகழ்கிறார்கள்.

1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரக விதை வந்து இறங்கியது. லெர்மா ரோஹோ, சொனோரா 64 என்ற அந்த ரகங்களில் இருந்த குட்டை மரபணுக்கள் ஜப்பானின் நோரின் 10 என்ற கோதுமையிலிருந்து வந்தவை. எவ்வளவு உரம் போட்டாலும் சாயாது, எல்லாம் மணியாகும். பஞ்சத்தின் விளிம்பில் நின்ற நாட்டுக்கு அது உயிர்ப்பிச்சை. அதைக் குறைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த மரபணு தண்டை மட்டும் குட்டையாக்கவில்லை. முளைக்குருத்தின் உறையையும் குட்டையாக்கிவிட்டது. ஆழத்தில் போட்ட விதை மேலே வரவில்லை. நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் கூடாது, மூன்று வாரத்தில் முதல் தண்ணீர் கட்டாயம், நவம்பர் முதல் பாதியில்தான் விதைக்க வேண்டும் என்று சாகுபடி முறையையே விஞ்ஞானிகள் புதிதாக எழுத வேண்டியிருந்தது. தேதி மாறியதற்குக் காரணம் உண்டு. நார்மன் போர்லாக் ஒரே ஆண்டில் மெக்சிகோவின் இரு வேறு பகுதிகளில் மாறி மாறிப் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்த ரகங்கள் இவை. பகல் பொழுதின் நீளத்தைப் பற்றி அவை கவலைப்படாது. எந்த நாட்டிலும் விளையும். அதே குணத்தால், சூடு கிடைத்தால் நிற்காமல் ஓடிவிடும்.

இன்றைய சாதாரண ரகத்தை அக்டோபர் 20-இல் விதைத்தால் நடப்பது இதுதான். பகல் வெயில் இன்னும் 32, 33 டிகிரியில் இருக்கும். நவம்பரில் விதைத்தால் 80 முதல் 95 நாளில் கதிர்விடும் பயிர், இங்கே 70, 75 நாளிலேயே கதிரைத் தள்ளிவிடும். தூர் கட்டவும் வேர் இறங்கவும் அதற்கு நாள் போதாது. கதிர் வருவது ஜனவரி முதல் வாரத்தில். வடக்கே கடும் பனியும் உறைகுளிரும் வாட்டும் நேரம். பூவில் மகரந்தம் செத்துப்போகும். வெயிலுக்குப் பயந்து முன்னே போன பயிர் குளிரில் மாட்டிக்கொண்ட கதையாக முடியும்.

குளிரைக் காணாமல் பூக்காத கோதுமை

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் டெல்லி பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள். ராஜ்பீர் யாதவ் தலைமையில் நடந்த பணி அது. ஐரோப்பாவின் குளிர்காலக் கோதுமைக்கு ஒரு பழக்கம் உண்டு. பல வாரம் கடுங்குளிரில் கிடந்தால்தான் பூக்கும். குளிர் கிடைக்காவிட்டால் புல்லாகவே நிற்கும். இதைத் தீர்மானிப்பவை 'விஆர்என்' என்று குறிக்கப்படும் மரபணுக்கள். இந்தியக் கோதுமைகளில் இந்தத் தடை ஏறக்குறைய இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போடாத கதவு மாதிரி, சூடு தள்ளினாலே திறந்துகொள்ளும். பூசா விஞ்ஞானிகள் மிக லேசான ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தினார்கள். ஐரோப்பியக் கோதுமைபோல் மாதக்கணக்கில் குளிர் கேட்காது. வட இந்தியாவின் டிசம்பர் குளிரைக் கொஞ்ச நாள் பார்த்தால் போதும், பூக்கத் தயாராகிவிடும். அதற்குமுன் அக்டோபர் சூடு எவ்வளவு தூண்டினாலும் அசையாது.

பலன் கணக்கில் தெரிகிறது. அக்டோபர் 20-இல் விதைத்த பயிர் 100 முதல் 110 நாள் கழித்தே கதிர்விடுகிறது. அதாவது ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரி முதல் வாரத்தில். உறைபனியின் ஆபத்து அநேகமாகக் கடந்துவிட்ட நேரம். அதற்குப் பிந்தைய நாற்பது, நாற்பத்தைந்து நாள் பிப்ரவரியும் மார்ச்சின் முன்பாதியும். மணி நிரம்ப அதைவிட நல்ல நாட்கள் வடக்கே கிடையாது. மார்ச் முடிவதற்குள் அறுவடைக்குத் தயார். இடையில் கிடைத்த கூடுதல் நாளில் செடி தூர் கட்டி, வேரை ஆழமாக இறக்கியிருக்கும். வெயிலுக்குத் தப்பியதோடு விளைச்சலும் கூடுகிறது.

முதலில் 2016-இல் எச்டி சிஎஸ்டபிள்யூ-18 வந்தது. உழாமல், வைக்கோலை எரிக்காமல், நெல் தாளுக்கு நடுவிலேயே விதைப்பதற்கென்று உருவாக்கிய ரகம் அது. குறை, உயரம். 105 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்ததால் மார்ச் காற்றில் சாயும் பயம் இருந்தது. அடுத்து எச்டி-3410, கொஞ்சம் குட்டை. மூன்றாவதாக 2023-இல் பேசப்பட்ட எச்டி-3385, சுமார் 95 சென்டிமீட்டர் உயரம். சோதனை வயல்களில் இதன் விளைச்சல் எக்டேருக்கு ஏழரை முதல் எட்டு டன் வரை, அதாவது ஏக்கருக்கு 30 குவிண்டாலும் அதற்கு மேலும். நாட்டின் சராசரி ஏக்கருக்குச் சுமார் 14 குவிண்டால்தான். பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்தில் இந்த ரகத்தைப் பதிவுசெய்து, விதை பெருக்க டிசிஎம் ஸ்ரீராம் குழுமத்தின் பயோசீட் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் இதே சிந்தனை உண்டு. மெதுவாக வளரும் ரகத்தை முன்கூட்டியே விதைத்தால், குறைந்துவரும் மழையிலும் விளைச்சலைக் காப்பாற்றலாம் என்று ஜேம்ஸ் ஹன்ட் குழு 2019-இல் எழுதியது. முளைக்குருத்தின் உறையைக் குட்டையாக்காத வேறு குட்டை மரபணுக்களையும் அங்கே கோதுமைக்குள் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள். அதே வகை மரபணுக்களில் புனே அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்திலும் வேலை நடக்கிறது. ஆழத்தில் விதைத்தாலும் நெல் தாள் மூடிக்கிடந்தாலும் முட்டி மேலே வரும் குட்டைக் கோதுமை கிடைத்தால், பழைய நெட்டை ரகத்தின் பலமும் புதிய ரகத்தின் விளைச்சலும் ஒரே செடியில் சேரும்.

இடுக்கி முனையில் ஒரு ரகம்

மரபணு என்று சொன்னதும் வெள்ளை அங்கி, கண்ணாடிக் குழாய், கணினித் திரை எல்லாம் நினைவுக்கு வரும். அவையும் உண்டு. ஆனால் ஒட்டுச் சேர்க்கும் வேலை இன்றைக்கும் பிப்ரவரி வெயிலில், வயலில் முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யும் கைவேலைதான்.

கோதுமை தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். பூ திறப்பதற்குள் உள்ளேயே கதை முடிந்துவிடும். அதனால் தாயாக வேண்டிய கதிரை, மகரந்தப்பை இன்னும் பச்சையாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். மஞ்சளாகிவிட்டால் காலம் கடந்துவிட்டது. மேல் சிறுகதிர்களையும் அடியில் உள்ளவற்றையும் கிள்ளி எறிகிறார்கள். நடுவில் இருப்பவற்றில் ஓரத்துப் பூக்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இடைப்பூக்களைப் பிடுங்கிவிடுகிறார்கள். மீதமுள்ள பூவின் உமி நுனியைக் கத்தரித்து, இடுக்கியை உள்ளே விட்டு மூன்று மகரந்தப்பைகளையும் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். ஒன்று தப்பினாலும், ஒன்று உடைந்தாலும், அந்தப் பூ வீண். பிறகு பட்டர் பேப்பர் உறையை மாட்டி, தேதியும் பெயரும் எழுதிய சீட்டைக் கட்டுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் சூல்முடி இறகுபோல் விரியும். அப்போது தந்தைச் செடியின் கதிரைக் கொண்டுவந்து மகரந்தத்தை உதிர்க்கிறார்கள். இத்தனைக்கும் ஒரு கதிரில் கிடைப்பது சில பத்து விதைகள்.

அந்த விதையிலிருந்து வரும் முதல் தலைமுறை ஒரே மாதிரி இருக்கும். இரண்டாம் தலைமுறையில் ஆயிரக்கணக்கான செடிகளில் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அவற்றில் தேர்ந்தெடுத்து, மறுபடி விதைத்து, மறுபடி தேர்ந்தெடுத்து, குணம் நிலைப்பட ஆறேழு தலைமுறை ஆகும். டெல்லியில் ஆண்டுக்கு ஒரு போகம்தான் கோதுமை. அப்படியே காத்திருந்தால் அதற்கே ஆறேழு ஆண்டு போய்விடும்.

இங்கேதான் நம் நீலகிரி வருகிறது. குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. 1950-களிலிருந்தே கோதுமைக்காக இயங்குகிறது. டெல்லியில் ஏப்ரலில் அறுத்த விதை, வெயில் கொளுத்தும் மாதங்களில் நீலகிரிக் குளிரில் முளைத்து, அடுத்த நவம்பருக்குள் இன்னொரு தலைமுறையாக டெல்லிக்குத் திரும்பிவிடும். இமாச்சலத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் தலங் மைதானிலும் இதேபோல் கோடைக்கால வயல் உண்டு. வெலிங்டனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கறுப்புத் துரு நோய்க் கிருமி வட இந்தியச் சமவெளியின் கோடையில் அழிந்துவிடும். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்கும். இங்கிருந்துதான் அது வடக்கே போகிறது என்பதை ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி. மேத்தா கண்டறிந்தார். அதனால் துருவைத் தாங்காத செடி வெலிங்டன் வயலில் தானாகவே தோற்றுவிடும். வடக்கே விளையும் கோதுமையில் தமிழ்நாட்டு மலைக்கு இவ்வளவு பங்கு இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது.

ஆனால் ஒன்றை வெலிங்டனில் பார்க்க முடியாது. அக்டோபர் வெயிலில் முளைத்த நாற்று சமவெளியில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வடக்கே, அக்டோபரில் விதைத்துத்தான் பார்க்க வேண்டும். முன்கூட்டி விதைக்கும் ரகம் என்று அரசு அறிவிப்பதற்கு முன் பல மாநிலங்களில் சோதனை நடத்துவது அதனால்தான்.

தாங்கும் ரகமும் வேண்டும்

தப்பித்துக்கொள்ளும் ரகம் மட்டும் போதாது. பிப்ரவரியே கொதிக்கும் ஆண்டுகள் வந்துவிட்டன. 2011-12 பருவத்தில் தேசிய மரபணு வங்கியிலிருந்த ஏறத்தாழ 22,000 கோதுமை வகைகளை ஹரியானாவின் ஹிசாரில் ஒரே நேரத்தில் விதைத்துப் பார்த்தார்கள். பெட்டியில் பூட்டிக்கிடந்த விதைகளை வெயிலில் நிறுத்திக் குணம் பார்த்த பெரிய முயற்சி அது. அகச்சிவப்பு வெப்பமானியைப் பயிர்மேல் பிடித்தால், பக்கத்துப் பாத்தியைவிட ஒன்றிரண்டு டிகிரி குளிர்ச்சியாக நிற்கும் செடி தெரியும். அது ஆழத்திலிருந்து தண்ணீர் இழுத்து இலைவழியே விடுகிறது என்று அர்த்தம். கடைசிவரை இலை பச்சையாக நிற்பதும், தண்டுச் சர்க்கரையை மணிக்குத் தாராளமாக அனுப்புவதும் தேடப்படும் மற்ற குணங்கள். ராஜஸ்தானின் ராஜ் 3765, கான்பூரின் ஹல்னா, இந்தூரின் பூசா அஹில்யா ஆகியவை வெப்பம் தாங்கும் ரகங்கள். ஹல்னா தாமதமாக விதைப்பவர்களுக்காகவே சீக்கிரம் முற்றும் ரகம்.

உரமும் காசும்

கர்னாலில் உள்ள இந்தியக் கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனமும் அக்டோபர் கடைசியில் விதைக்க வரிசையாக ரகங்களை வெளியிட்டிருக்கிறது: கரண் வந்தனா, கரண் வைஷ்ணவி, கரண் ஷிவானி, கரண் ஆதித்யா. கரண் வைஷ்ணவியின் சராசரி, சோதனையில் எக்டேருக்கு 80 குவிண்டாலைத் தாண்டியது. ஆனால் அந்த விளைச்சலுக்கான பரிந்துரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வழக்கமான உர அளவில் ஒன்றரை மடங்கு. அதோடு எக்டேருக்கு 10 முதல் 15 டன் தொழு உரம். பயிர் உயர்ந்து சாயாமலிருக்க குளோர்மெக்வாட், டெபுகோனசோல் இரண்டையும் கலந்து, முதல் கணு வரும்போதும் கண்ணாடி இலை வரும்போதும் இரண்டு முறை தெளிக்க வேண்டும்.

லூதியானாவில் சொந்த டிராக்டரும் போர்வெல்லும் வைத்திருப்பவர் இதைச் செய்துவிடுவார். பிகாரின் சமஸ்திபூரில் ஒரு ஏக்கரை வாரத்துக்கு எடுத்து உழுபவர் எப்படிச் செய்வார்? வெயிலில் அதிகம் இழப்பது அவர்தான். அவருடைய நிலத்துக்கும் கைக்காசுக்கும் ஏற்ற ரகமாக இவை வடிவமைக்கப்படவில்லை. யூரியாவுக்கு மானியம் கொடுத்து நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்ட நாடு, வெயிலுக்கு மருந்து என்று இன்னும் அரை மடங்கு உரத்தைக் கொட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சாதாரண உர அளவில், தெளிப்பு இல்லாமல், அக்டோபர் விதைப்பில் இந்த ரகங்கள் என்ன தருகின்றன என்ற எண்ணையே விளம்பரத்தில் முதலில் போட வேண்டும்.

முன்கூட்டி விதைப்பதில் வேறு தொல்லைகளும் உண்டு. நெல் தாளில் தங்கியிருக்கும் தண்டுத் துளைப்பான் புழு, சூடு இருக்கும்போது முளைக்கும் கோதுமைக்கு நேராகத் தாவும். அந்தப் புழு அதிகமுள்ள இடங்களில் அக்டோபர் விதைப்பைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். விதை கொடுப்பவர் இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நெல் எழுந்தால்தான் கோதுமை உட்காரும்

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை விதையில் இல்லை. அதற்குமுன் அந்த நிலத்தில் நிற்கும் நெல்லில் இருக்கிறது.

நிலத்தடி நீரைக் காக்க பஞ்சாப் 2009-இல் ஒரு சட்டம் போட்டது. ஜூன் 10-க்கு முன் நெல் நடக் கூடாது. பின்னர் அந்தத் தேதி ஜூன் 20 வரைகூடத் தள்ளிப்போனது. நோக்கம் நல்லது. கோடை உச்சத்தில் நட்டால் தண்ணீர் ஆவியாகிப் போகும். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். அந்த மாநிலம் விரும்பி நட்ட பூசா-44 நாற்றங்காலிலிருந்து 155, 160 நாள் நிற்கும் ரகம். அக்டோபர் கடைசியில் நெல் அறுத்தால், கோதுமைக்கு நிலத்தைத் தயார்செய்ய இரண்டு வாரம்கூடக் கிடைக்காது. தாளுக்குத் தீ வைத்தார்கள். டெல்லி மூச்சுத் திணறியது. அக்டோபர் 20-இல் விதைக்க வேண்டிய கோதுமை ரகத்தை அந்த விவசாயியின் கையில் கொடுத்து என்ன பயன்? அன்றைக்கு அவர் வயலில் நெல் நின்றுகொண்டிருக்கும்.

இதற்கும் வழி இருக்கிறது. லூதியானா பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஆர்-126 நெல், நாற்றங்கால் சேர்த்து 123 நாளில் முடிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம், தண்ணீரும் மிச்சம். பூசா-44-ஐ நிறுத்தப்போவதாக 2023-இல் பஞ்சாப் அரசு அறிவித்தது. தாளை எரிக்காமல் அதற்கு நடுவிலேயே விதைக்கும் ஹேப்பி சீடர் இயந்திரமும் கிடைக்கிறது. 2025-இல் பஞ்சாப் அரசு மண்டலவாரியாக ஜூன் 1-லிருந்தே நடவுக்கு அனுமதி கொடுத்தது. அதனால் அக்டோபர் விதைப்பு எளிதாகலாம்; ஆனால் நிலத்தடி நீருக்கு அது கேடு. கோதுமைக்கு வேண்டிய மூன்று வாரத்தைத் தண்ணீரிடமிருந்து வாங்கக் கூடாது. நெல்லின் வயதைக் குறைத்து வாங்க வேண்டும்.

கிழக்கே நிலைமை இன்னும் கடினம். கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் மழையை நம்பி ஜூலையில் நட்ட நீண்ட கால நெல், நவம்பர் கடைசியில்தான் அறுவடைக்கு வரும். தாழ்வான வயலில் தண்ணீர் வடியாது. கோதுமை விதைக்க டிசம்பர் ஆகிவிடும். உரிய காலம் தாண்டினால் ஒரு நாள் தாமதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீத விளைச்சல் போகும். மணி நிரம்பும் காலம் மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல்வரை, அனலுக்கு நடுவில். அந்த விவசாயியிடம் அக்டோபர் 20 என்ற தேதியைச் சொல்வதில் அர்த்தமில்லை. அவருக்கு டிசம்பரை நவம்பர் 15 ஆக்கிக் கொடுத்தாலே பெரிய உதவி. அதற்கு வேண்டியவை: சீக்கிரம் முற்றும் நெல், ஜூன் கடைசியில் நாற்று நட மலிவான மின்சாரம், உழாமல் விதைக்கும் இயந்திரம் வாடகைக்கு, அவர் கையில் நேரத்துக்கு வந்து சேரும் விதை. பஞ்சாபுக்குப் பத்து ரகம் வெளியிட்ட பிறகும் கிழக்குக்கு இவற்றைத் தராமல் வைத்திருப்பது அநியாயம்.

2023-24 பருவத்தில் கோதுமைப் பரப்பில் 60 சதவீதத்தை வெப்பம் தாங்கும் ரகங்களின்கீழ் கொண்டுவர மத்திய அரசு இலக்கு வைத்தது. 2024-25-இல் விளைச்சல் 11 கோடியே 70 லட்சம் டன்னைத் தாண்டியதாக அரசுக் கணக்கு சொல்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் ரகத்தின் பெயரை மட்டும் எண்ணினால் போதாது. அக்டோபருக்கான ரகத்தை நவம்பர் கடைசியில் விதைத்தால், குளிர் கேட்கும் அந்தக் குணமே அதைத் தாமதமாக்கி வெயிலில் கொண்டுபோய் நிறுத்தும். விதையோடு தேதியும் சேர்ந்தால்தான் அது வெப்பத்துக்குத் தப்பும் ரகம். இல்லையென்றால் மூட்டையில் எழுதிய பெயர் மட்டுமே.

எனவே வேளாண் அமைச்சகத்திடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் அக்டோபர் 31-க்குள் எத்தனை ஏக்கர், நவம்பர் 15-க்குள் எத்தனை ஏக்கர், எந்த ரகத்தில் விதைக்கப்பட்டது, அறுவடையில் என்ன கிடைத்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அதே பட்டியலில் அந்த நிலத்தில் நெல் அறுத்த தேதியையும் போடுங்கள். அடுத்த ரகத்துக்குப் பணம் ஒதுக்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.